வாயைப் பார்த்த பிறகு வாங்கிய கடிவாளம்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் செவலையை வாங்கியபோது, விற்றவர் ஒரு கடிவாளத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை. மாங்காய்ப் பணம் கையில் இருந்த நேரம். காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள எங்கள் தோப்பில் பெங்களூரா அந்த ஆண்டு நன்றாகக் காய்த்திருந்தது. காதுகள் உட்புறம் வளைந்த, மார்வாரி இனக் கலப்புள்ள பெட்டைக்குதிரை. ஐந்து வயது முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். மினி லாரியில் ஏற்றி, மேட்டூர், தொப்பூர் வழியாக வீடு வந்து சேர இரவாகிவிட்டது.

மறுநாள் காலையில்தான் அந்தக் கடிவாளத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். வாய்க்குள் போகும் இரும்பில், விரல் நுனியால் தடவினாலே குத்தும்படி, வரிசையாகக் கூர்முனைகள் இருந்தன. சில முனைகளின் அடியில் காய்ந்துபோன நுரையும் கறுப்பாக ஏதோ ஒன்றும் ஒட்டியிருந்தன. துரு என்று நினைத்துத் தேய்த்தேன், துரு இல்லை. முள் கடிவாளம் என்று பழைய குதிரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். 1965ஆம் ஆண்டின் இழுவை, சுமை விலங்குகள் வதைத்தடுப்பு விதிகள் இத்தகைய முள் வைத்த வாய் இரும்பைப் பயன்படுத்துவதைத் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் சந்தைகளில் அது இன்றும் கண்ணில் படுகிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பணம் கொடுத்து வாங்கிய குதிரையையே பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஏற்றி வந்திருந்தேன். அந்த ஒரு கவனக்குறைவிலிருந்து கிளைத்தவைதான் அடுத்த ஓராண்டில் நான் பட்ட பாடுகளும் கற்றுக்கொண்டவையும்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கடிவாளம், லகான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வது வழக்கம். இங்கே வாய்க்குள் போகும் இரும்பை மட்டும் பிட் என்றும், தலையில் மாட்டும் வார்கள் எல்லாம் சேர்ந்த தொகுதியைக் கடிவாளம் என்றும், ஏறியவர் கையில் பிடிப்பதை லகான் என்றும் எழுதுகிறேன்.

முள் பிட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஓசூரில் குதிரை வைத்திருக்கும் நண்பரிடமிருந்து சாதாரண வளைய பிட் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். நடுவில் ஒரே மூட்டு, இரு பக்கமும் வளையம். ஸ்னாஃபிள் என்று கடைகளில் கேட்டால் கிடைப்பது இதுதான். முள்ளை எடுத்துவிட்டோமே, இனிச் செவலை அமைதியாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. லகானைத் தொட்டவுடன் தலையை மேலே வீசியது. வாயை அகலத் திறந்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் கழுத்தை விறைத்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். மூக்குப்பட்டையை இறுக்கி வாயைத் திறக்கவிடாமல் செய்யச் சொன்னார் ஒருவர். மறுபடியும் முள்ளைப் போடு, இரண்டு நாளில் அடங்கிவிடும் என்றார் இன்னொருவர். கிருஷ்ணகிரியில் முன்பு ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் மட்டும், வேலியோரம் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, வாயைத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "அப்பறம் எதுக்கு இரும்ப மாத்தி மாத்திப் போடற?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்; குதிரையின் பல்லையே தொழிலாகப் பார்ப்பவர் கிடைப்பது கடினம். ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான் என்பது எங்களுக்கு ஒரு வசதி. அங்கிருந்து குதிரை மருத்துவர் ஒருவரை வரவழைத்தேன். மயக்க ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே செவலையின் தலையைத் தாங்கிப் பிடித்து, வாயைத் திறந்து வைக்கும் கருவியை மாட்டி, டார்ச் வெளிச்சத்தில் என்னையும் உள்ளே பார்க்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டதை அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் நான் கற்றிருக்கவில்லை.

குதிரையின் முன்வாயில் வெட்டுப்பற்கள், பின்வாயில் கடைவாய்ப்பற்கள். இரண்டுக்கும் இடையில் பல்லே இல்லாத ஈறு. பிட் உட்காருவது அந்த இடைவெளியில்தான். கீழ்த்தாடையில் அந்த இடத்தில் எலும்பு விளிம்பு போல மெலிந்திருக்கும். அதன்மேல் இருப்பது மெல்லிய தோல் போர்வை மட்டுமே. செவலையின் இடப்பக்க விளிம்பில், மருத்துவர் என் கட்டைவிரலைப் பிடித்து வைத்த இடத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. பழைய காயம் ஆறி எலும்பு தடித்த இடம் அது என்றார். மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், இடப்பக்கத்தில், அரிசியைவிடச் சற்றுப் பெரிய பல் ஒன்று முளைத்திருந்தது. வுல்ஃப் டூத் என்று மருத்துவர்கள் சொல்லும் இது எல்லாக் குதிரைக்கும் வருவதில்லை. வந்தால், பிட் பின்னால் இழுபடும்போது கன்னத்தின் உட்தோல் அதன்மேல் அழுந்தி வலிக்கக்கூடும். கடைவாய்ப்பற்களின் வெளி விளிம்புகள் கூராகிக் கன்னத்தைக் கீறியிருந்தன. இடப்பக்கம் திரும்ப மறுத்ததற்கான காரணம் முழுவதும் அந்த வாய்க்குள் இருந்தது, குணத்தில் எதுவுமில்லை.

வயதும் பொய்யாக இருந்தது. குதிரையின் நிலையான வெட்டுப்பற்களில் நடுச்சோடி ஏறக்குறைய இரண்டரை வயதிலும், அடுத்த சோடி மூன்றரை வயதிலும், ஓரச்சோடி நாலரை வயதிலும் முளைக்கும். செவலைக்கு ஓரத்தில் இன்னும் பாற்பற்களே இருந்தன. நான்கு வயதை ஒட்டிய குதிரை. கடைவாயிலும் ஒரு பாற்பல் மூடி போலத் தளர்ந்து, விழும் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. பல் மாறும் பருவத்துக் குழந்தையின் வாயில் இரும்பைக் கட்டி இழுத்ததற்கு ஒப்பான காரியத்தை நான் செய்திருந்தேன். மருத்துவர் கூர் விளிம்புகளை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினார். மரத்துப்போகும் ஊசி போட்டு அந்தச் சிறு பல்லை எடுத்தார். ஓரப்பற்கள் முளைத்து வாய் நிலைப்படும் வரை எந்த பிட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே பிட் இல்லாத கடிவாளத்துக்கு நான் வந்தது கொள்கையால் அல்ல, அந்த வாயின் நிலையால். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிட் இல்லாதது என்றாலே அது கருணை, பிட் என்றாலே அது கொடுமை என்று பேசுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அழுத்தம் வாயிலிருந்து மூக்குக்கும் தாடைக்கும் உச்சந்தலைக்கும் இடம் மாறுகிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை.

இவற்றில் மூன்று வகைகளைப் பார்த்தேன். முதலாவது சைடு புல்: மூக்குப்பட்டையின் இரு பக்கங்களிலும் வளையம் வைத்து, லகானை நேராக அதில் மாட்டுவது. இழுத்த பக்கம் மூக்கு திரும்பும். விட்டால் உடனே தளரும். இரண்டாவது வகையில் வார்கள் தாடைக்கு அடியில் குறுக்காகச் சென்று மறுபக்கக் கன்னத்தின் வழியே உச்சந்தலைக்கு ஏறும். ஒரு பக்கம் இழுத்தால் தலை முழுவதையும் அணைத்துத் திருப்பும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் லகானைத் தளர்த்திய பிறகும் வார்கள் ஒன்றோடொன்று உரசித் தளர நேரம் பிடிக்கிறது. பாடம் கற்கும் குதிரைக்கு அந்தத் தாமதம் குழப்பம் தரும் என்பது என் கருத்து. மூன்றாவது மெக்கானிக்கல் ஹேக்கமோர்: இரு பக்கமும் இரும்புக் கைகள், தாடைக்கு அடியில் சங்கிலி. கீழ்க்கை நீளமாக இருக்குமளவு, கையின் சிறு இழுப்பும் நெம்புகோல் போலப் பெருகி மூக்கெலும்பின்மேல் இறங்கும். வாயில் இரும்பு இல்லை என்பதை மட்டும் பார்த்து இதை மென்மையானது என்று நினைத்து வாங்குவது பெரிய தவறு. கை நிதானப்படாத ஒருவரிடம் இதைக் கொடுப்பதைவிட மூட்டு வைத்த சாதாரண பிட்டைக் கொடுப்பது மேல்.

நான் சைடு புல்லைத் தேர்ந்தெடுத்தேன். எங்கே உட்கார வேண்டும் என்பதைச் செவலையின் முகத்தில் விரலால் தடவியே கண்டுபிடித்தேன். நெற்றியிலிருந்து மூக்குத்தண்டு வழியே விரலை இறக்கினால், ஓரிடத்தில் எலும்பு முடிந்து மெத்தென்ற குருத்தெலும்பு தொடங்கும். பட்டை அந்த இடத்துக்கு மூன்று, நான்கு விரற்கடை மேலே, உறுதியான எலும்பின்மேல் இருக்க வேண்டும். அதேசமயம் கன்னத்தில் புடைத்து ஓடும் எலும்பு வரம்பைத் தொடவும் கூடாது. குதிரை வாயால் மூச்சு விடாது. நாசிதான் அதற்கு ஒரே வழி. பட்டை கீழே சரிந்தால் அந்த வழியையே நெரிக்கும். மூக்கெலும்பின் முன்பகுதியில் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

பயிற்சியைத் தரையில் நின்றே தொடங்கினேன். சவுக்குக் கம்புகளால் தோப்பின் மூலையில் வட்டமாக ஒரு வேலி போட்டு, நாளுக்கு இருபது நிமிடம். ஒரு பக்க லகானில் கயிறு கனம் தெரியும் அளவுக்கு மட்டும் பிடித்து நிற்பேன். மூக்கு ஒரு அங்குலம் அந்தப் பக்கம் வந்த கணத்தில் விட்டுவிடுவேன். இழுப்பதால் குதிரை எதையும் கற்பதில்லை. சரியாகச் செய்த அந்த நொடியில் அழுத்தம் விலகுவதால்தான் கற்கிறது. முதல் வாரத்தில் நான்கில் மூன்று முறை நான் தாமதமாகவே விட்டேன். என் மகள், பன்னிரண்டு வயது, என்னைவிட வேகமாக இதைப் பிடித்துக்கொண்டாள். 'நில்' என்ற சொல்லையும் அதனோடு சேர்த்தே பழக்கினோம். புரட்டாசி முடிவதற்குள் செவலை தோப்புக்குள் தலையைத் தாழ்த்தி, காதுகளைத் தளர்த்தி நடந்தது. தலை வீசுவது அடியோடு நின்றுவிட்டது.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நானும் பிட் இல்லாத கடிவாளத்தின் பிரசாரகனாகியிருப்பேன். ஐப்பசியில் ஒரு நாள் காலை, தோப்பிலிருந்து நெடுஞ்சாலைக்கு இணையாக ஓடும் சர்வீஸ் சாலைக்குச் சென்றேன். பின்னால் வந்த டிப்பர் லாரி ஒன்று ஏர் ஹாரனை அழுத்தியது. செவலை துள்ளிப் பாய்ந்தது. நான் பதறி இடப்பக்க லகானை முழு பலத்தோடு இழுத்தேன். தலை திரும்பவில்லை, மூக்குப்பட்டைதான் முகத்தைச் சுற்றித் திரும்பியது. வலப்பக்கக் கன்னவார் மேலேறிக் கண்ணின்மேல் போய்க் கிடந்தது. ஒரு பக்கம் பார்வை மறைந்த குதிரை இன்னும் மிரண்டு ஓடியது. சாலை ஓரத்து உழுத நிலத்தில் இறங்கிய பிறகு தானாகவே களைத்து நின்றது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. செவலைக்குக் கண்ணிமை வீங்கியிருந்தது.

அன்று மாலையே, இரும்பு இல்லாவிட்டால் இப்படித்தான், முள்ளைப் போட்டிருந்தால் நின்றிருக்கும் என்று பேச்சு எழுந்தது. ஜட்காப் பெரியவர் இதற்கும் பதில் வைத்திருந்தார்: "முள்ளு குத்தினா வலிக்கும். வலிச்சா ஓடும். ஓடற குதிரையை வலியைக் காட்டியா நிறுத்துவீங்க?" மிரண்ட குதிரையை எந்த இரும்பும் நிச்சயமாக நிறுத்தாது என்பது உண்மை. ஆனால் என் தவறு கடிவாளத்தின் வகையில் அல்ல, மாட்டிய விதத்தில் இருந்தது. மூக்குப்பட்டைக்கு இரண்டு விரல் இடம் விட்ட நான், அதைத் தாடையோடு நிலைநிறுத்தும் அடிவாரையும் அதே தாராளத்தோடு விட்டிருந்தேன். தொப்பி போலச் சுழலாமல் பிடித்து வைப்பது அந்த அடிவார்தான்; அது நழுவாத அளவுக்குப் படிந்திருக்க வேண்டும். இன்னொரு தவறு, தோப்பின் நிசப்தத்தில் பழகிய குதிரையை, லாரிச் சத்தத்தைத் தூரத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்காமல் நேராகச் சாலைக்குக் கொண்டுபோனது. அடுத்த இரண்டு மாதங்கள் சாலையிலிருந்து இருநூறு அடி தள்ளி நின்று கொள்ளு ஊட்டுவதே எங்கள் காலை வேலையாக இருந்தது.

மறுவருடம் தை மாதத்தில் அதே மருத்துவர் வந்து பார்த்தபோது ஓரப்பற்கள் முளைத்திருந்தன. கன்னத்துப் புண்கள் முழுவதும் ஆறியிருந்தன. விரும்பினால் வழவழப்பான பிட்டைப் பழக்கலாம் என்றார். சாலையில் போகும்போது நுணுக்கமான குறிப்புகளைக் கொடுக்க இன்னொரு வழியும் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. செவலை பிற்காலத்தில் வேறொருவர் கைக்குப் போனாலும், பிட் என்றால் வலி என்ற நினைவோடு போகக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

இந்த முறை அளந்துவிட்டே வாங்கினேன். வீட்டில் வழவழப்பான மரக்கரண்டி ஒன்று இருந்தது. அதன் காம்பைப் பிட் உட்காரும் இடத்தில் குறுக்காக வைத்து, இரு கடைவாய் ஓரங்களிலும் மகள் பேனாவால் குறியிட்டாள். நாலரை அங்குலம். இருபுறமும் சிறிது இடம் விட்டால் நாலேமுக்கால். இரவல் வாங்கி முதலில் போட்டிருந்த பிட் ஐந்தரை அங்குலம்! ஒரு பக்கம் இழுத்தால் வாயின் குறுக்கே வழுக்கிச் சென்று, நடு மூட்டு நாக்கின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் போய் அமர்ந்திருக்கும். மார்வாரி, காத்தியவாரிக் குதிரைகளின் முகவாய் ஒடுக்கமானது. கடைகளில் முதலில் எடுத்துக் காட்டும் அளவுகள் பெரும்பாலும் இவற்றுக்குப் பெரியவை.

பருமன் குறித்தும் ஒரு தவறான எண்ணம் உண்டு. தடித்த பிட் அழுத்தத்தைப் பரப்பும், ஆகவே எப்போதும் மென்மையானது என்பார்கள். வாயில் இடம் இருந்தால் அது சரி. செவலையின் உதடுகளை மூடிய நிலையில், பிட் உட்காரும் இடத்தில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தேன். சதைப்பற்றான நாக்கு அந்த இடத்தை ஏறக்குறைய நிரப்பியிருந்தது. அங்கே 18 மில்லிமீட்டர் இரும்பைத் திணித்தால் நாக்கு நசுங்கும், வாய் மூடாது. துருப்பிடிக்காத எஃகில், 14 மில்லிமீட்டரில், நடுவில் அவரைக்கொட்டை போன்ற சிறு துண்டோடு இரண்டு மூட்டுகள் உள்ளதை எடுத்தேன். நாக்கின்மேல் அது வளைந்து படியும். முதலில் வாங்கியதில் சுழலும் வளையங்கள் இருந்தன; பத்து நாளில் வலது கடைவாயில் தோல் கிள்ளுப்பட்டுச் சிவந்தது. வளையமும் பிட்டும் சேரும் இடம் முட்டை போல உருண்டு, அசையாமல் இருக்கும் எக்பட் வகைக்கு மாறியதும் அது நின்றது.

ஆண்குதிரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நான்கு, ஐந்து வயதில் அவற்றுக்கு அதே இடைவெளியில் கோரைப்பற்கள் முளைக்கும். பிட்டைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் அவற்றில் இடிக்கும். பெட்டைக்கு இவை பெரும்பாலும் வருவதில்லை என்பதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிட்டின் உயரத்தைச் சரியாக வைப்பதில்தான் அதிக நாள் தடுமாறினேன். கடைவாயில் இரண்டு மடிப்பு விழ வேண்டும் என்ற வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டு கன்னவாரை ஏற்றினேன். செவலை பிட்டை இடைவிடாமல் மென்றுகொண்டே இருந்தது. லகானைத் தொடாதபோதும் உதட்டோரம் இழுபட்டே இருந்தது. ஒரு துளை இறக்கி, உதட்டோரத்தை மெல்லத் தொட்டு ஒரே ஒரு மடிப்பு விழும்படி வைத்தபோது வாய் அமைதியானது. மடிப்பை எண்ணுவதைவிடக் குதிரையின் வாயைக் கவனிப்பதே நம்பகமானது.

பழக்கியதில் அவசரம் காட்டவில்லை. தை மாதத்து அதிகாலையில் இரும்பு ஐஸ் போல இருக்கும். கைகளுக்குள் வைத்துச் சூடாக்கி, சிறிது வெல்லத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். பத்து நாள் லகான் இல்லாமலே வாயில் இருந்தது. பிறகு சைடு புல்லின் மூக்குப்பட்டையையும் பிட்டையும் ஒரே தலையில் மாட்டி, இரண்டு சோடி லகான்களோடு ஏறினேன். குறிப்பை முதலில் மூக்குக்குக் கொடுப்பேன். அதன் கூடவே பிட்டில் விரலசைவு. தெரிந்த மொழியோடு சேர்த்துத் தெரியாத சொல்லைக் கற்றுத்தருவது போல, இரண்டு மாதத்தில் மூக்கு லகான் தேவையற்றுப் போனது.

இப்போது தோப்புக்குள், மகள் ஏறும்போது, பிட் இல்லாத கடிவாளம். அவள் கை இன்னும் நிலைப்படவில்லை, சமநிலை தவறினால் லகானைத்தான் பிடித்துத் தொங்குவாள். சாலைக்கு நான் போகும்போது பிட். இறங்கியவுடன் பிட்டைத் தண்ணீரில் கழுவுவதும், கட்டைவிரலால் இரு பக்க ஈறுகளையும் கடைவாய் ஓரங்களையும் தடவிப் பார்ப்பதும், மூக்குத்தண்டில் மயிர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் பழக்கமாகிவிட்டன. நாக்கை வெளியே தள்ளுவது, நாக்கை பிட்டுக்கு மேலே போட்டுக்கொள்வது, ஒரு பக்கம் மட்டும் மறுப்பது, கொள்ளை மெல்லும்போது வாயிலிருந்து சிந்துவது ஆகியவற்றில் ஏதாவது தென்பட்டால் அன்றைக்கு இரும்பு இல்லை. மருத்துவருக்குத்தான் போன் போகும். பல் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

சென்ற மாதம் காரிமங்கலத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் வந்தார். புதிதாக மட்டக்குதிரை வாங்கியிருந்தார். செவலையின் பிட்டை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார். மரக்கரண்டியையும் பேனாவையும் கொடுத்து, எங்கே வைத்து எப்படிக் குறியிட வேண்டும் என்று காட்டி அனுப்பினேன். அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்துப் போனில் அளவைச் சொன்னார்: மூன்றேமுக்கால் அங்குலம். அளக்கும்போது வலப்பக்க ஈறில் ஒரு புண் இருந்ததைப் பார்த்ததாகவும், மருத்துவரின் எண் வேண்டும் என்றும் கேட்டார்.